கித்தாரில் துளை எதற்கு?

கித்தார் என்னும் இசைக்கருவியைப் படத்திலாவது பார்த்திராதவர் நம்முள் இரார். எட்டு என்ற எண்ணின் வடிவில் ஒரு மரப் பெட்டி. அதன் முகத்தில், தந்திகளுக்கு நேர் கீழே, வட்டமாக ஒரு துளை. அந்தத் துளை எதற்கு என்று யாரையேனும் கேட்டுப் பாருங்கள். "உள்ளே உண்டாகும் ஒலி வெளியே வருவதற்கு" என்பார்கள். விடை இயல்பானதாகவே தோன்றுகிறது. ஆனால் அது பாதி உண்மை. அதுவும் சிறிய பாதி.

இந்தத் துளையைக் கருவி செய்வோர் ஒரு காலத்தில் பூவேலையால் மறைத்தனர், பின்னர் திறந்துவிட்டனர், நீட்டினர், இரண்டாகப் பிளந்தனர், தோளுக்கு ஏற்றினர், விலாப்புறத்துக்கு மாற்றினர், சிறுசிறு துளைகளாகச் சிதறவும் விட்டனர். இன்று பல இலட்சம் ரூபாய் விலை பெறும் கித்தார்கள் சிலவற்றில் நடுத்துளையே கிடையாது. இத்தனை மாற்றங்களும் எதற்காக? துளையின் வடிவமும் இடமும் ஒலியை மாற்றுகின்றனவா, அல்லது விலையை மட்டும் மாற்றுகின்றனவா? இதற்கு விடை காண வேண்டுமானால் கொஞ்சம் இயற்பியலும் கொஞ்சம் வரலாறும் தேவை.

முதலில் ஓர் எளிய சோதனை. நண்பர் ஒருவரின் கித்தாரை இரவல் வாங்குங்கள். தடித்த அட்டை ஒன்றைத் துளையைவிடச் சற்றுப் பெரிதாக வெட்டித் தந்திகளுக்கு அடியில் செருகி, காற்றுப் புகாதபடி துளையின் மேல் ஒட்டுங்கள். மெல்லிய தந்திகளை மீட்டினால் ஒலி ஏறத்தாழ முன்போலவே கேட்கும். தடித்த தந்திகளை மீட்டும்போதுதான் வேறுபாடு புலப்படும். ஒலியில் இருந்த நிறைவு போய், மெலிந்து கேட்கும். மேடைக் கலைஞர்கள் ஒலிபெருக்கியின் ஊளையை அடக்க இத்துளையை ரப்பர் மூடியால் அடைத்துவிட்டு வாசிப்பதும் உண்டு. துளை அடைபட்டதால் கித்தார் ஊமையாவதில்லை.

ஆகவே ஒலியின் பெரும்பகுதி வேறெங்கிருந்தோ வருகிறது. அந்த இடம் மேற்பலகை. தந்தி மிக மெல்லியது. அது காற்றைக் கிழித்துக்கொண்டு போகுமே தவிர, காற்றைத் தள்ளாது. தந்தியின் அதிர்வைக் குதிரை என்னும் கட்டை மேற்பலகைக்குக் கடத்துகிறது. இரண்டு அல்லது மூன்று மில்லிமீட்டர் தடிப்பே உள்ள அப்பலகை அதிர்ந்து காற்றைத் தள்ளுகிறது. நாம் கேட்பது பெரும்பாலும் அந்தப் பலகையின் குரலையே.

புட்டியும் பெட்டியும்

அப்படியானால் தடித்த தந்திகளின் ஒலி மெலிவானேன்? இதற்கு விடை தந்தவர் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ். மருத்துவராகத் தொடங்கி இயற்பியலாளராக உயர்ந்த இவர், 1863இல் வெளியிட்ட ஒலியுணர்வு பற்றிய நூலில், சிறு வாயுள்ள வெற்றுக் கலங்கள் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்கு மட்டும் மறுமொழி தருவதை விரிவாக ஆராய்ந்தார். காலிப் புட்டியின் வாயில் குறுக்காக ஊதினால் 'பூம்' என்று ஒலிக்கிறதல்லவா? புட்டியின் உள்ளிருக்கும் காற்று ஒரு சுருள்வில் போலச் செயற்படுகிறது. கழுத்திலுள்ள காற்று அவ்வில்லில் கட்டிய எடைக்கல் போல உள்ளும் புறமும் ஆடுகிறது. கித்தார்ப் பெட்டியும் ஒரு புட்டிதான். துளையே அதன் வாய்.

"கித்தாருக்குக் கழுத்து இல்லையே, மெல்லிய பலகையில் வெறும் துளைதானே இருக்கிறது?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. துளையின் வழியே காற்று ஆடும்போது, துளைக்கு இருபுறமும் உள்ள காற்றின் ஒரு பகுதியும் சேர்ந்தே ஆடுகிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு காற்றுக் கழுத்து அது. துளை பெரிதானால் இக்கழுத்தும் நீளும். இதனால் ஒரு விந்தை நேர்கிறது. துளையின் விட்டத்தை இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்காகும். கழுத்தின் நீளமும் இரட்டிப்பதால், காற்று கடந்து செல்லும் எளிமை இரண்டு மடங்குதான் ஆகும். அதாவது, மெல்லிய தகட்டிலுள்ள வட்டத் துளையின் கடத்துதிறன் அதன் பரப்பை ஒட்டியது அன்று, விட்டத்தை ஒட்டியது. இதனை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இக்கட்டுரை முழுவதும் இது பயன்படும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். துளையின் விட்டம் 0.085 மீட்டர், பெட்டியின் கன அளவு 0.014 கனமீட்டர் (14 லிட்டர்) என்க. முன்னதைப் பின்னதால் வகுத்து, வர்க்கமூலம் கண்டு, ஒலியின் திசைவேகமாகிய 343ஆல் பெருக்கி, 6.28ஆல் வகுத்தால் ஏறத்தாழ 134 ஹெர்ட்ஸ் கிடைக்கும். உண்மைக் கித்தாரில் அளந்தால் இதைவிடக் குறைவாக, 100 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கும். ஏனெனில் கணக்கில் நாம் பெட்டியின் சுவர்கள் அசையாதவை என்று கொண்டோம். மேற்பலகையும் பின்பலகையும் காற்றுக்கு இசைந்து கொடுப்பவை. கித்தாரின் மிகத் தடித்த தந்தியின் அதிர்வெண் 82, அடுத்த தந்தியினது 110. இரண்டுக்கும் இடையில் காற்றின் ஒத்ததிர்வு வந்து அமர்ந்திருப்பதைக் கவனியுங்கள். அவ்வளவு தாழ்ந்த சுரங்களில் மேற்பலகை தானாக அதிகம் அதிர்வதில்லை. அதன் முதல் பெரிய ஒத்ததிர்வு 200 ஹெர்ட்ஸ் அளவில்தான் வரும். பலகை கைவிடும் இடத்தில் காற்று கைகொடுக்கிறது. அதுவே துளையின் பணி.

இந்தக் கணக்கு எதுவும் தெரியாமலேயே கைவினைஞர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கருவியை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தனர் என்பதுதான் வியப்பு.

பூவேலையும் அட்டைப் பெட்டியும்

பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளின் ஐரோப்பிய லூட் கருவியில் துளை வெறுமையாக விடப்படவில்லை. மேற்பலகையின் மரத்திலேயே நுண்ணிய பின்னல் வேலை செதுக்கப்பட்டது. அக்காலத்துக் கித்தாரில் தோல்தாளை அடுக்கடுக்காக வெட்டி, கிணறு போலக் கீழிறங்கும் பூவேலை செய்து துளைக்குள் பொருத்தினர். வயலினுக்குப் பெயர்பெற்ற ஸ்ட்ராடிவாரி சில கித்தார்களும் செய்திருக்கிறார். 1679இல் அவர் செய்த ஒன்று இன்றும் இத்தாலியின் கிரெமோனா நகரில் உள்ளது. இவையெல்லாம் அழகுக்காக மட்டும் என்று எண்ணிவிடலாம். ஆனால் நாம் கண்ட விதியின்படி, பூவேலை துளையின் பரப்பைப் பாதிக்கும் கீழாகக் குறைத்தாலும் கடத்துதிறனை அந்த அளவுக்குக் குறைப்பதில்லை. நெருங்கிய சிறு துளைகள் ஒன்றுகூடிப் பெரிய துளையின் வேலையை ஓரளவு செய்துவிடுகின்றன. நம் தஞ்சாவூர் வீணையின் மேற்பலகையிலும் வட்டமாகக் குத்திய சிறு துளைக் கூட்டங்களைக் கண்டிருப்பீர்கள்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஐந்து இரட்டைத் தந்திகள் போய் ஆறு தனித் தந்திகள் வந்தன; பூவேலையும் மெல்ல மறைந்தது; துளை திறந்தது. இன்றும் துளையைச் சுற்றி ஒட்டப்படும் வண்ண வளையம் அந்தப் பழைய பூவின் நினைவுச் சின்னம்.

அடுத்து ஒருவரைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். ஸ்பெயினின் அல்மேரியாப் பகுதியில் 1817இல் பிறந்த அந்தோனியோ தெ டோரஸ் ஒரு தச்சர். இன்றைய செவ்வியல் கித்தாரின் அளவும் அமைப்பும் பெரிதும் இவர் வகுத்தவை. ஒலி முழுவதும் மேற்பலகையின் கையில்தான் இருக்கிறது என்பது இவருடைய கொள்கை. கொள்கையைச் சொல்லிவிட்டு அவர் சும்மா இருக்கவில்லை. 1862இல், மேற்பலகையை மட்டும் நல்ல மரத்தால் செய்து, பின்புறத்தையும் விலாப்புறத்தையும் காகித அட்டையால் செய்து ஒரு கித்தாரை உருவாக்கினார்! மற்றவற்றை மாற்றாமல் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கும் சோதனை முறையை நாம் ஆய்வுக்கூடத்தில் கற்பிக்கிறோம். இவர் பட்டறையில் அதைச் செய்தார். அந்த அட்டைக் கித்தார் பார்சலோனாவின் இசை அருங்காட்சியகத்தில் காக்கப்பட்டு வருகிறது.

இதே கேள்வியை இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் வேறு வகையில் எழுப்பினர். பின்புறத்துக்கும் விலாப்புறத்துக்கும் மட்டும் வெவ்வேறு மரங்களிட்டு, மற்றவை ஒன்றுபோல அமைந்த ஆறு கித்தார்களைச் செய்வித்து, மங்கலான ஒளியில், கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி அணிவித்து, 52 கலைஞர்களை வாசிக்கச் செய்தனர். விலையுயர்ந்த மரத்துக்கும் மலிவான மரத்துக்கும் அவர்களால் குறிப்பிடத்தக்க வேறுபாடு காண இயலவில்லை. இம்முடிவு 2018இல் வெளியாயிற்று. டோரஸின் அட்டைக்குப் பின் 156 ஆண்டுகள்!

டோரஸ் துளையையும் விட்டுவைக்கவில்லை. 1856இல் அவர் செய்த 'லா லியோனா' என்னும் புகழ்பெற்ற கித்தாரிலும் வேறு சிலவற்றிலும், துளையிலிருந்து உள்நோக்கி இறங்கும் ஓர் உலோகக் குழாயைப் பொருத்தினார். 'டோர்னவோஸ்' என்பது அதன் பெயர். தேவாலயத்தில் பிரசங்க மேடைக்கு மேல் ஒலியைத் திருப்புவதற்காக அமைக்கும் கூரைக்கும் ஸ்பானிய மொழியில் இதே பெயர்தான். பெயரைப் பார்த்தால், இது ஒலியை முன்னோக்கித் திருப்பி எறியும் என்று அன்று நம்பியதாகத் தெரிகிறது. நாம் பார்த்த கணக்கு வேறொன்றைச் சொல்கிறது. 8.5 செ.மீ. துளையின் காற்றுக் கழுத்து ஏறத்தாழ 6.7 செ.மீ. நீளமுள்ளது. அதனுடன் 8 செ.மீ. குழாயைச் சேர்த்தால் கழுத்து இரண்டு மடங்குக்கும் மேல் நீண்டு, ஒத்ததிர்வின் அதிர்வெண் மூன்றில் ஒரு பங்கு குறையும். அதாவது டோர்னவோஸ் ஒலியை எறிவதில்லை. கருவியின் அடிக்குரலைத் தாழ்த்துகிறது. தடித்த காகிதத்தைச் சுருட்டித் துளைக்குள் செருகி நீங்களே இதைக் கேட்டறியலாம். டோரஸின் காது சரியாகவே கேட்டிருக்கிறது, பெயர்தான் பொருந்தவில்லை.

விளிம்பில் ஓடும் காற்று

இனி துளையின் வடிவத்துக்கு வருவோம். இங்கே நம் மாணவர்களுக்கு நன்கு தெரிந்த ஒரு பெயர் குறுக்கிடுகிறது. மின்னோட்டத்தின் காந்தப்புலம் பற்றிய பயோ–சவார் விதியை மனப்பாடம் செய்யாத இயற்பியல் மாணவர் உண்டா? அந்தச் சவார் உண்மையில் மருத்துவம் படித்தவர். அவரைப் பயோவிடம் அழைத்துச் சென்றது மின்சாரம் அன்று, வயலின். 1819இல் சவார், சரிவகப் பெட்டி வடிவில் தட்டையான பலகைகளால் ஒரு வயலின் செய்து பாரிசுக்குக் கொண்டுவந்தார். வயலினுக்கே உரிய வளைந்த எஃப் வடிவத் துளைகள் அதில் இல்லை. நேரான இரு பிளவுகளே இருந்தன. வளைந்த துளை மரத்தின் நார்களைக் குறுக்கே வெட்டிவிடுகிறது, நேர்ப்பிளவு அவ்வளவு வெட்டுவதில்லை என்பது அவருடைய வாதம். பயோவும் இசையமைப்பாளர் கெருபினியும் இடம்பெற்ற குழு ஒன்று அதனை ஸ்ட்ராடிவாரி வயலினோடு ஒப்பிட்டது. வாசிப்பவரை மறைவில் நிறுத்திக் கேட்டபோது இரண்டுக்கும் வேறுபாடு காண இயலவில்லை என்று குழு கூறியது. அடுத்த ஆண்டில், 1820இல், பயோவும் சவாரும் காந்தப்புல விதியைக் கண்டனர். விதி பாடப்புத்தகத்தில் நிலைத்துவிட்டது. சரிவக வயலினோ அருங்காட்சியகப் பொருளாயிற்று. அறிஞர் குழு ஒப்புக்கொண்டதை வயலின் வாசிப்போர் ஒப்புக்கொள்ளவில்லை. காது ஏற்றாலும் கண் ஏற்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

பிளவு போன்ற துளையின் இயற்பியலைக் கணக்கிட்டவர் ராலே. வாதக்காய்ச்சலிலிருந்து தேறுவதற்காக எகிப்துக்குச் சென்றவர், நைல் ஆற்றுப் படகு வீட்டில் இருந்தவாறே எழுதத் தொடங்கிய நூல்தான் 1877, 1878ஆம் ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளிவந்த ஒலியியல் நூல். சமமான பரப்புள்ள துளைகளுள் வட்டத் துளையே மிகக் குறைந்த கடத்துதிறன் உடையது என்பது அதில் அவர் காட்டியவற்றுள் ஒன்று. துளையை நீட்ட நீட்டக் காற்று எளிதாகக் கடக்கும். நீளம் அகலத்தைப்போல் பத்து மடங்கான நீள்வட்டத் துளை, அதே பரப்புள்ள வட்டத்தைவிட ஏறத்தாழ 35 விழுக்காடு கூடுதலாகக் கடத்தும். துளையின் நடுவில் காற்று மெதுவாகவும் விளிம்பருகே விரைவாகவும் ஓடுவதே இதற்குக் காரணம். எனவே பரப்பைவிட விளிம்புக்கே மதிப்பு அதிகம்.

2015இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து ஆய்வாளர்கள் இக்கருத்தை வரலாற்றோடு பொருத்திக் காட்டினர். பத்தாம் நூற்றாண்டில் வயலினின் முன்னோர்களுக்கு வட்டத் துளை இருந்தது. பின் அரைவட்டம் ஆயிற்று. பின் 'சி' வடிவம். கடைசியில் எஃப் வடிவம். ஒவ்வொரு படியிலும் விளிம்பு நீண்டது. எண்ணூறு ஆண்டுகளில் காற்று ஒத்ததிர்வின் ஒலித்திறன் ஏறத்தாழ இரு மடங்காயிற்று என்பது அவர்கள் முடிவு. யாரும் திட்டமிட்டிருக்கத் தேவையில்லை. பழைய கருவியைப் பார்த்துப் புதியதைச் செய்யும்போது கைத்தவறால் நேரும் சிறு மாற்றங்களும், நன்றாக ஒலித்ததையே மீண்டும் படியெடுக்கும் வழக்கமும் போதும் என்கிறார்கள். உயிரினப் பரிணாமம் போன்ற ஒரு விளக்கம் இது.

அப்படியென்றால் கித்தார் ஏன் இன்னும் வட்டத்தோடு நிற்கிறது? கித்தார் செய்வோர் பின்தங்கிவிட்டனரா? இல்லை. வயலினை வில்லால் இழுக்கிறோம். ஒலி எவ்வளவு செலவானாலும் வில் இடைவிடாது ஆற்றலை ஊட்டிக்கொண்டே இருக்கிறது. கித்தாரிலோ தந்தியை மீட்டும் அந்த ஒரு கணத்தில் கொடுத்த ஆற்றல்தான் முதல்; அதற்குமேல் வரவு இல்லை. அதனை விரைவாக ஒலியாக்கினால் உரத்து ஒலித்துச் சட்டென அடங்கும். மெதுவாக ஆக்கினால் மெல்ல ஒலித்து நீடிக்கும். இரண்டும் ஒருசேரக் கிடைக்கா. வயலினுக்குச் சிறந்தது கித்தாருக்கும் சிறந்ததாக இருக்க வேண்டியதில்லை.

இந்த உண்மையை இசைக்குழுக்கள் காதால் உணர்ந்திருந்தன. 1922இல் அமெரிக்காவின் கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய லாய்டு லோர், எல்-5 என்னும் கித்தாருக்கு வயலினைப் போல் குவிந்த முகமும் இரு எஃப் துளைகளும் வைத்தார். அக்கால நடனக் குழுக்களில் ஊதுகருவிகளுக்கு நடுவே பாஞ்சோ மட்டுமே கேட்கும், கித்தார் அமுங்கிவிடும். எல்-5 அந்தக் கூச்சலைக் கிழித்துக்கொண்டு கேட்டது. தாளத்துக்குக் குறுகிய, கூர்மையான ஒலியே தேவைப்பட்டதால் சீக்கிரம் அடங்கும் அதன் இயல்பும் குறையாகவில்லை. தனியே அமர்ந்து மென்மையான இசை வாசிப்பவர் அதனை நாடவில்லை.

பாரிசின் பெரிய வாய்

பத்தாண்டுகளுக்குப் பின் இதே தேவைக்குப் பாரிசில் வேறொரு விடை பிறந்தது. மாரியோ மக்காஃபெர்ரி இத்தாலியர். கருவி செய்வதையும் வாசிப்பதையும் ஒருங்கே கற்றவர். 1932இல் செல்மர் நிறுவனம் இவர் வகுத்த கித்தாரை வெளியிட்டது. ஆங்கில 'டி' எழுத்தைப் போன்ற மிகப் பெரிய துளை. அதன் உள்ளே பெட்டிக்குள் பெட்டியாக, மரத்தாலான ஓர் உள் ஒலிக்கலம். உள் கலம் ஒலியைப் பெருக்கி, பெரிய வாய் வழியே வெளியேற்றும் என்பது எண்ணம். கற்பனை நல்லதுதான். ஆனால் நாள்பட உள் கலம் தளர்ந்து கடகடத்தது. வாங்கியவர்கள் பலர் அதைக் கழற்றி எறிந்துவிட்டு, கித்தார் நன்றாகவே ஒலிப்பதைக் கண்டனர்!

மக்காஃபெர்ரி 1933இல் செல்மரை விட்டு விலகினார். நிறுவனம் உள் கலத்தைக் கைவிட்டுப் பெரிய வாயை மூடி, சிறிய நீள்வட்டத் துளை ஒன்றை வைத்தது. ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற ஒப்பற்ற கலைஞரின் கையில் உலகப் புகழ் பெற்றது இந்தச் சிறிய வாய்க் கித்தார்தான். 1928இல் தீ விபத்தில் இடக்கையின் இரு விரல்கள் முடங்கிப்போன அவர், மீதி விரல்களால் வாசித்த இசையை இன்றும் கேட்டு வியக்கிறோம். அவ்வகை இசைக்குழுக்களில் தனி வாசிப்புக்குச் சிறிய வாய், தாளத்துக்குப் பெரிய வாய் என்ற பிரிவு பின்னர் வழக்கமாயிற்று. ஒரே பெட்டிக்கு இரு வாய், இரு தொழில். சிறிய வாய் கடத்துதிறனைக் குறைப்பதோடு, மேற்பலகையில் கூடுதலான மரத்தையும் மிச்சம் வைக்கிறது.

இந்த மிச்ச மரம்தான் நம் கதையின் திருப்புமுனை. அதுவரை துளையை மாற்றியவர்கள் காற்றை எண்ணி மாற்றினர். பிறகு வந்தவர்கள் பலகையை எண்ணி மாற்றினர்.

எஃகுத் தந்திகள் ஆறும் சேர்ந்து 70 கிலோகிராம் எடைக்கும் மேலான விசையோடு குதிரையை இழுக்கின்றன. அந்த இழுவிசை செல்லும் பாதையின் நடுவிலேயே, பலகை மிகவும் உறுதியாக இருக்க வேண்டிய இடத்தில், பத்து செ.மீ. ஓட்டை போட்டு வைத்திருக்கிறோம். பாலத்தின் நடுவில் கிணறு தோண்டியதைப் போல! ஓட்டையால் வந்த பலவீனத்தை ஈடுகட்ட, அதைச் சுற்றி உட்புறத்தில் கனமான தாங்கு சட்டங்களை ஒட்டுகிறோம். சட்டங்கள் பலகையை விறைப்பாக்கி அதிர்வைத் தடுக்கின்றன. 1971இல் ஸ்டாக்ஹோமில் எரிக் யான்சன் லேசர் ஒளிப்பட முறையால் கித்தாரின் மேற்பலகை அதிரும் கோலங்களைப் படமெடுத்தார். இவ்வகைப் படங்களில், தாழ்ந்த ஒத்ததிர்வுகளின்போது குதிரையைச் சுற்றிய கீழ்ப்பகுதி புடைத்து அடங்குவதையும், துளைக்கு மேலுள்ள பகுதி பெரும்பாலும் சும்மா இருப்பதையும் காணலாம். துளையை அந்தச் சோம்பேறிப் பகுதிக்கு, அதாவது ஒரு தோள்பட்டைக்கு, மாற்றிவிட்டால் என்ன?

இவ்வாறு செய்தவர்களுள் ஒருவர் வேதியியல் மாணவர்களுக்குத் தெரிந்தவர். மூலக்கூறுகள் ஒளி உமிழ்வது பற்றிய 'காஷா விதி'யை 1950இல் தந்த மைக்கேல் காஷா, புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர். மகனுக்குக் கித்தார் வாங்கப் போய், கருவியின் அமைப்பில் ஐயம் கொண்டு, அதனை அடியோடு மாற்றியமைக்கத் துணிந்தார். குதிரை ஒருபுறம் அகலம், மறுபுறம் குறுகல். உள்ளே ஆரங்களாகப் பரவும் சட்டங்கள். துளை மேல் மூலையில். ரிச்சர்டு ஷ்னைடர் என்ற கைவினைஞர் இவருடன் இணைந்து பல கருவிகளைச் செய்தார். 1975இல் கிப்சன் நிறுவனம் இக்கொள்கையின் அடிப்படையில் 'மார்க்' வரிசைக் கித்தார்களை வெளியிட்டது. ஆனால் நிறுவனம் துளையை மட்டும் மீண்டும் நடுவில் வட்டமாகவே வைத்துவிட்டது! மூலையில் துளை வைத்தால் வாங்குவோர் மிரள்வர் என்று அஞ்சினார்களோ என்னவோ. அப்படியும் அவ்வரிசை நெடுநாள் நிலைக்கவில்லை. என் கருத்தில் காஷாவின் கொள்கையிலும் ஒரு குறை உண்டு. தடித்த தந்திப் பக்கம் தாழ்சுரத்துக்கும் மெல்லிய தந்திப் பக்கம் உயர்சுரத்துக்கும் தனித்தனியே அமையலாம் என்று அவர் கருதினார். பலகையோ தாழ்சுரத்துக்கு முழுமையாகவே அசைகிறது. அது தந்தியின் இடம்பார்த்து வேலையைப் பிரித்துக்கொள்வதில்லை.

அதே ஆண்டுகளில் வேறொரு துறையிலிருந்து ஒருவர் வந்தார். சார்லஸ் காமன் ஹெலிகாப்டர் பொறியாளர். எந்திரத்தின் அதிர்வை அடக்குவதே அவர் தொழில். அதிர்வை அடக்கத் தெரிந்தவனுக்கு அதனை வளர்க்கவும் தெரியும் என்பது போல, 1966இல் ஒவேஷன் என்ற பெயரில் கிண்ணம் போன்ற பிளாஸ்டிக் பின்புறம் கொண்ட கித்தார்களைச் செய்யத் தொடங்கினார். 1976இல் வந்த அவருடைய 'அடமாஸ்' கித்தாரின் மேற்பலகை, கார்பன் இழையும் மெல்லிய பிர்ச் மரச் சீவலும் சேர்ந்தது. அதில் நடுத்துளை இல்லை. இரு தோள்களிலும் இலைக்கொத்து போன்ற அலங்காரத்தின் இடையே இருபதுக்கும் மேற்பட்ட சிறு துளைகள். பழைய பூவேலை வேறு வடிவில் திரும்பி வந்துவிட்டது எனலாம். நமது விட்ட விதியை இங்கே பயன்படுத்துங்கள். 10 செ.மீ. விட்டமுள்ள ஒரு துளையின் கடத்துதிறனை, 1 செ.மீ. விட்டமுள்ள பத்துத் துளைகள், தகடு மெல்லியதாகவும் துளைகள் விலகியும் இருந்தால், ஏறத்தாழ ஈடுசெய்துவிடும். ஆனால் இழக்கும் மரத்தின் பரப்போ பத்தில் ஒரு பங்குதான். (தகட்டின் தடிப்பாலும் உராய்வாலும் உண்மையில் இன்னும் சில துளைகள் கூடுதலாகத் தேவைப்படும்.) பலகையின் நடுப்பகுதி முழுதும் ஓட்டையின்றிக் கிடைக்கிறது. காற்றும் குறையவில்லை, பலகையும் குறையவில்லை. துளை மாற்றங்கள் அனைத்திலும் காரணம் தெளிவாக விளங்குவது இதுவே என்பேன்.

விலாவில் ஒரு சாளரம்

இன்று விலையுயர்ந்த கித்தார்களில் இந்த எண்ணங்கள் எல்லாம் கலந்து காணப்படுகின்றன. விஸ்கான்சின் மாநிலத்து மெக்ஃபெர்சன் கித்தார்களில் துளை தோளில் ஒதுங்கியிருக்கிறது. டகோமா என்ற நிறுவனம் மாங்காய் வடிவில் ஒரு துளையைத் தோளில் வைத்து விற்றது. அந்நிறுவனம் இன்று இல்லை. கையால் கருவி செய்யும் பலர் வாசிப்பவரின் முகத்தை நோக்கி விலாப்புறத்தில் ஒரு கூடுதல் துளை இடுகின்றனர். செவ்வியல் கித்தாரில் ராபர்ட் ரக், குவிமுகக் கித்தாரில் ஜான் மான்டெலியோன் போன்ற புகழ்பெற்ற கைவினைஞர்கள் இதனைக் கையாண்டனர். கித்தாரின் உயர்சுரங்கள் முன்னோக்கியே செல்வதால், எதிரே இருப்பவர் கேட்கும் தெளிவு வாசிப்பவருக்குக் கிடைப்பதில்லை. விலாத் துளை அவருடைய காதருகே ஒரு சாளரத்தைத் திறக்கிறது. அந்த அளவில் இதன் பயன் உண்மையானது.

ஆனால் "விலாத் துளையால் அடிக்குரல் பெருகும்" என்று யாரேனும் சொன்னால் கொஞ்சம் நிறுத்திக் கணக்கிடுங்கள். 8.5 செ.மீ. நடுத்துளையுடன் 4 செ.மீ. விலாத் துளை சேர்ந்தால், பரப்பு 22 விழுக்காடே கூடும். கடத்துதிறனோ 47 விழுக்காடு கூடும். அசையாத சுவர்களுள்ள பெட்டியாக இருந்தால் காற்றின் ஒத்ததிர்வு 21 விழுக்காடு மேலே ஏறும். பலகைகள் இசைந்து கொடுப்பதால் உண்மை ஏற்றம் இதைவிடக் குறைவு; எனினும் ஏறும், இறங்காது. தடித்த தந்தியிலிருந்து ஒத்ததிர்வு விலகிப் போகிறது. இதை அறிந்த கைவினைஞர் விலாவில் துளையிடும்போது நடுத்துளையைச் சிறிதாக்கிவிடுவார். சிலர் விலாத் துளைக்கு மரத்தாலான ஒரு சிறு மூடியும் செய்து தருகின்றனர். வேண்டும்போது திறக்கலாம், அடைக்கலாம். அத்தகைய கித்தார் உங்கள் கைக்கு எட்டினால், வாசிப்பவரின் கண்ணைக் கட்டிவிட்டு, மூடியைத் திறப்பதையும் அடைப்பதையும் நீங்கள் செய்யுங்கள். எது திறந்தது, எது அடைத்தது என்று இருபது முறை கேட்டு, விடைகளை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நீங்கள் பத்தடி தள்ளி எதிரே அமர்ந்துகொண்டு, மூடியை இன்னொருவர் கையில் கொடுத்து, அதே இருபது முறை உங்கள் காதையும் சோதியுங்கள்.